வாசனைக்குக் கட்டம் இல்லை

பதினோரு வருடம் அடுத்தவர் சரக்குக்கு
ஷிப்பிங் பில் அடித்தவள் நான்.
செகண்ட் லைன் பீச்சில் மூன்றாவது மாடி.
லிஃப்ட் உண்டு, ஓடாது.
கரூர் படுக்கைவிரிப்பு ஹாம்பர்க்குக்கு,
ராஜபாளையத்துக் கட்டுத்துணி லிவர்பூலுக்கு,
ஈரோட்டுத் துண்டு எங்கெங்கோ.
என் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.
ரேகை எல்லாத் தாளிலும்.

போன ஆடியில்
ஐம்பத்திரண்டு பூஜ்யம் எட்டு என்று தட்டும்போது
கை நின்றது.
கெஜம் நூற்றுப்பத்து ரூபாய்க்கு வாங்கி
மூன்றரை டாலருக்கு விற்கிறான் ஒருவன்.
நடுவில் இருப்பது கடலும்
நான் அடிக்கும் ஆறு தாளும்.
கடல் யார் பேரிலும் பட்டா இல்லை.
தாள் எனக்குத் தெரியும்.

ரெக்ஸலின் சங்கிலியை வைத்தாள்,
நான் வண்டியை விற்றேன்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டி
ஒரு ஷட்டர், இருபதுக்குப் பத்து.
ஏற்றுமதி உரிமம் வந்த இரவு
ஆப்பமும் பாயாவும், அவள் செலவு.

வாங்குபவள் இபினாபோ, போர்ட் ஹார்கோர்ட்டில்.
கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்கள் உடுத்துவது
சிவப்பும் நீலமும் குறுக்கே ஓடும் கட்டத்துணி.
எட்டு கெஜம் சாம்பிள் போனது.
ஒன்பதாம் நாள் குரல்செய்தி:
கட்டம் சரி. நிறம் சரி.
ஆனால் இது மெட்ராஸ் இல்லை.
வாசனை இல்லை.

வாசனையா!
அது வரக்கூடாதென்றுதானே தாயே
நாங்கள் படாத பாடு பட்டது.
கிழக்கே காசிமேட்டுக் கருவாடு.
வடக்கே மணலி, காற்று திரும்பினால்
அழுகிய முட்டை வந்து கதவைத் தட்டும்.
மேற்கே கொடுங்கையூரில் குப்பை புகையும்.
நாலு பக்கமும் பாலிதீன் சுற்றி
இன்குபேட்டரில் குறைமாதப் பிள்ளைபோல்
காத்த துணி அது.

ஒரு கவர் அனுப்பினாள் இபினாபோ.
உள்ளே தன் துணியில் கத்தரித்த இரண்டு அங்குலம்.
மாறி மாறி முகர்ந்தோம்.
"நல்லெண்ணெய்," என்றாள் ரெக்ஸலின்.
"மஞ்சள்," என்றேன்.
மூன்றாவதாக ஒன்று இருந்தது,
இரண்டு பேருக்கும் பெயர் வரவில்லை.

பதினேழு வாளி.
கஞ்சியில் ஊறவைத்து, எண்ணெய் காட்டி, மொட்டைமாடியில் உலர்த்தி,
ஒன்று பிசுபிசுத்தது, ஒன்று சாம்பார் மணத்தது,
ஒன்றைக் காக்கை தூக்கிப் போனது.
பதினெட்டாவதை மடித்து அனுப்பினோம்.
"கிட்டத்தட்ட," என்று பதில்.
கிட்டத்தட்டவுக்கு நாற்பது பேல் ஆர்டர்,
முன்பணம் முப்பது சதவீதம்.

பில் அடிக்க உட்கார்ந்தேன்.
நூல் எண், எடை, அகலம், டாலர் மதிப்பு,
எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.
எங்கள் துணி விற்ற காரணத்துக்கு மட்டும்
கட்டம் இல்லை.
முதல்முறை, ஏற்றுமதியாளர் என்ற இடத்தில்
என் பெயர். எழுத்துப்பிழை விட்டேன்.
திருத்தக் கட்டணம் தனி.

எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் வரிசை
எர்ணாவூர் வரை நீண்டு கிடந்தது.
எங்கள் பெட்டி இருநூற்றுப் பன்னிரண்டாவது.
பெட்டி முழுதும் எங்களுடையது அல்ல,
பாதி ஒரு ஸ்டீல் பாத்திரக்காரருடையது.
டிரைவர் ஏசுபாதம் சக்கரத்தடியில் பாய் விரித்து
"சீல் இருக்குதுக்கா, சரக்குக்கு ஒண்ணும் ஆவாது," என்றான்.
பத்தொன்பது மணி நேரம்.
கடல்காற்று, மணலிக்காற்று, மீன்வண்டி ஒன்று,
அதன் பின்னால் இன்னொன்று.
சீல் ஆளை நிறுத்தும். காற்றை?

இறங்கும் துறைமுகத்தின் பெயர் அபாபா.
சொல்லும்போதே மூச்சு வாங்கும்.
நாற்பத்தோரு நாள் வாங்கியது.
ரெக்ஸலின் நகம் கடித்தே தீர்த்தாள்.
வங்கி மேலாளருக்கு எங்கள் மிஸ்டு கால் சலித்தது.

நேற்று, இரவு பத்தே கால்.
"பிரித்தேன். வாசனை இருக்கிறது.
அந்த மூன்றாவதும் இருக்கிறது, இந்தமுறை சரியாக.
மீதிப் பணம் போட்டாயிற்று.
அடுத்து எண்பது பேல், இதேபோல்."

வாசலில் நின்று
காசிமேட்டுப் பக்கம் மூக்கைத் திருப்பினாள் ரெக்ஸலின்.
சிரிக்கவில்லை, கணக்குப் போட்டாள்:
"அடுத்த லோடும் வரிசையில நிக்கணுமே,
நேரா உள்ள விட்டுட்டா என்ன பண்றது?"